திருப்பத்தூரின் பெரியண்ணனும் சின்னண்ணனும்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



 சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய இடங்களின் சபைகளிலிருந்தும், இன்னும் தூரமான ஊர்களிலிருந்தும் இன்று வந்திருக்கிறீர்கள். சிலர் விடியற்காலையிலேயே பஸ் ஏறியிருப்பீர்கள். வரமுடியாதவர்களுக்காக இந்தச் செய்தியை நம் மடலில் அச்சிடும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே சற்று விரிவாகவே பேசுகிறோம்.

சிறிய ஊர்களைத் தேவன் எப்படி எடுத்து உபயோகிக்கிறார் என்பதை வேதத்தில் அடிக்கடி பார்க்கிறோம். மீகா தீர்க்கதரிசி பெத்லகேமைப் பற்றிச் சொல்லும்போது, யூதாவின் ஊர்களுக்குள்ளே அது சிறியது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமோ என்று நாத்தான்வேல் கேட்டார். சபை வரலாற்றிலும் இப்படித்தான். ஜெர்மனியில் சாக்சனி நாட்டில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மொராவியாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள் 1722-ல் மரம் வெட்டிக் கட்டிய குடியிருப்பு அது. அங்கே 1727-ல் ஏற்பட்ட எழுப்புதலிலிருந்து மொராவிய மிஷனெரி இயக்கம் பிறந்தது. 1732-ல் அந்த ஊரிலிருந்து ஒரு குயவரும் ஒரு தச்சரும், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாயிருந்தவர்களிடம் சுவிசேஷத்தோடு போனார்கள்.

அப்படிப்பட்ட ஊர் நமக்கும் அருகிலேயே ஒன்று உண்டு. சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை மார்க்கமாகப் போனால், பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி தாண்டி வருகிற திருப்பத்தூர்தான் அது. சிவகங்கைச் சீமையிலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால் இதைச் சொல்கிறோம். ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவில் உள்ள இந்தத் திருப்பத்தூர், 1911 வரைக்கும் நம் சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகாவாகவே இருந்தது. அதன்பின் வட ஆற்காட்டோடு சேர்ந்தது. 2019 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராயிருக்கிறது. இந்தியச் சீர்திருத்த சபைகளின் கிறிஸ்தவ ஆசிரம இயக்கம் 1921-ஆம் ஆண்டு இந்த ஊரில்தான் பிறந்தது. அதைத் தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஆகவே மருத்துவமனை ஊழியத்தைத் தாங்குகிற உங்களுக்கும், அதில் உழைக்கிற எங்களுக்கும் இது அந்நியமான சரித்திரம் அல்ல.

இயக்கத்திற்கு முன் இருந்த தாகம்

1921-க்கு முன்பு என்ன இருந்தது என்பதை முதலில் பார்ப்போம். நம் நாட்டு மண்ணுக்கு ஏற்ற விதத்தில் கிறிஸ்துவைப் பின்பற்றவேண்டும் என்ற எண்ணம் புதியதல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவபோதகர் என்று பேர் பெற்றவர், காவியுடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று வாழ்ந்தார். 1623-ல் அவர் வடக்கே புறப்பட்டுத் திருச்சி வழியாக நம் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். ஆகையால் இந்த எண்ணத்தின் காலடி நம் சமவெளியில் 400 ஆண்டுகளுக்கு முன்பே பட்டிருக்கிறது.

சீர்திருத்த சபைகளிலே இந்தத் தாகம் பிற்பாடுதான் எழும்பிற்று. லண்டன் மிஷன் 1827-ல் சேலத்தில் வேலை தொடங்கியது. மற்ற மிஷன்களும் ஆங்காங்கே பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் கட்டின. அவற்றின் நன்மையை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் ஒரு குறை இருந்தது. மிஷனெரி பங்களாவில் இருந்தார். உபதேசியார் ஓட்டு வீட்டில் இருந்தார். இருவருக்கும் சம்பளம் வேறு, நாற்காலி வேறு, சொல்லுக்கு இருந்த மதிப்பும் வேறு. ஒரே ஆண்டவரைச் சேவித்தும் ஒரே பந்தியில் உட்காராத நிலைமை பல இடங்களில் இருந்தது.

இதை உலகத்தின் முன் எடுத்துச் சொன்னவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். மிஷனெரிகள் செய்த தியாகத்திற்காக நன்றி சொன்னார். பிறகு, பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், இன்னும் ஒன்று வேண்டும், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் பேசி முடித்தார். மண்டபத்தில் பலருக்கு அது கசந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. 1912 டிசம்பரில் அவரே தோர்ணக்கல் அத்தியட்சராக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பாக, அபிஷேகம் பெற்றார்.

அசரியாவோடு தோளோடு தோள் நின்றவர் நம் சேலத்தில் பிறந்த கே. டி. பால். 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று செராம்பூரில் இந்தியக் கிறிஸ்தவர்கள் தேசிய மிஷனெரி சங்கத்தை ஸ்தாபித்தார்கள். இந்தியரின் பணத்தால், இந்தியரின் கையால், இந்தியரின் நிர்வாகத்தில் ஊழியம் நடக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. அந்தச் சங்கத்தின் செயலாளராக உழைத்த பால், பின்பு ஒய்.எம்.சி.ஏ.யின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளரானார். 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டிலும் கலந்துகொண்டார். மகாராஷ்டிரத்தில் கவிஞர் நாராயண வாமன திலகர் 1917-ல் சாதாராவில் கடவுளின் தர்பார் என்ற சகோதர ஐக்கியத்தை ஆரம்பித்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் மரித்துப்போனார். இப்படித் தாகம் எங்கும் இருந்தது. கிணறு வெட்டப்பட்ட இடம் திருப்பத்தூர்.

இரண்டு டாக்டர்கள்

மூத்தவர் டாக்டர் சவரிராயன் இயேசுதாசன். 1882-ல் பிறந்தவர், திருநெல்வேலிக் கிறிஸ்தவர். மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றிருந்தார். இளையவர் டாக்டர் ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். 1891-ல் ஸ்காட்லாந்தின் அலோவா ஊரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். அவருடைய குடும்பம் கம்பளி நூல் ஆலை நடத்திய பெருஞ்செல்வக் குடும்பம்; பேட்டன்ஸ் என்ற பேரில் வருகிற பின்னல் நூலை இன்றும் உலகமெங்கும் வாங்குகிறார்கள்.

முதல் உலக யுத்த நாட்களில் இங்கிலாந்தில் இந்த இருவரும் சந்தித்தார்கள். ஜெபத்தில் ஒருமனப்பட்டார்கள். இந்தியாவுக்கு வந்து சில காலம் மிஷன் வேலையில் இருந்தபின், 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். குலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் என்ன குலம் என்று விசாரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே அவர்கள் வாசலில் பேரை எழுதிவைத்தார்கள்: நாங்கள் கிறிஸ்துவின் குலம்.

அங்கே சம்பளம் இல்லை. ஆசிரமவாசிகள் பிரமசாரிகளாக, கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து மரக்கறி உணவு உண்டு, தியானமும் உழைப்புமாக ஒரே குடும்பமாய் வாழ்ந்தார்கள். மருத்துவமனை நடத்தினார்கள். கிராமங்களுக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தார்கள். பிற்பாடு கட்டிய ஜெபாலயம், கோபுரமும் கல் தூண்களுமாகத் திராவிடக் கட்டடக் கலையின்படி எழும்பியது. புதிதாய்ப் பார்க்கிறவர்கள் இது எந்தத் தெய்வத்தின் கோவில் என்று கேட்பதுண்டு. உள்ளே போனால் சிலுவை.

இவை எல்லாவற்றையும்விட எங்கள் மனதைத் தொடுவது, அவர்களை அழைத்த முறைதான். இயேசுதாசன் பெரியண்ணன்; பேட்டன் சின்னண்ணன். நோயாளிகளும், வேலைக்காரரும், ஊராரும் அப்படியே கூப்பிட்டார்கள். துரை என்றோ ஐயா என்றோ இல்லை.

இது எந்தக் காலத்தில் என்று யோசித்துப் பாருங்கள். ஜாலியன்வாலாபாக்கில் சுட்டது 1919-ல். ஆசிரமம் ஆரம்பித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டு எரிகிற நேரத்தில். ஆளுகிற இனத்தில் பிறந்த ஒரு செல்வந்தரின் மகன், ஆளப்படுகிற இனத்தில் பிறந்த ஒருவரை அண்ணன் என்று சொல்லித் தம்பியாகக் கீழே உட்கார்ந்தார். நம் வீடுகளில் தம்பி என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். அண்ணன் பேசும்போது தம்பி குறுக்கே பேசமாட்டான். சொத்தில் பங்கு சமம். மரியாதையில் மூத்தவர் மூத்தவர்தான். பேட்டன் தம் பொருளைக் கொடுத்தார் என்பது பெரிய காரியமே. ஆனால் கொடுத்தவர் என்ற ஸ்தானத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாரே, அது அதைவிடப் பெரியது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. அந்நாட்களில் வெளிநாட்டு மிஷனெரிகள் அரசியலில் தலையிடுவதில்லை என்று சர்க்காருக்கு உறுதி கொடுக்கவேண்டியிருந்தது. கதர் உடுத்திய வெள்ளைக்காரர்மேல் சந்தேகப் பார்வை எப்போதும் இருந்தது. 1932-ல் சென்னையில் அந்நியத் துணிக் கடைகளுக்கு முன்பாக மறியல் நடந்த நாட்களில், டாக்டர் பேட்டன் போலீசாரிடம் அடிபட்டார். செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரைக்கும் போய்க் கேள்வியானது. நூல் ஆலைக் குடும்பத்தின் பிள்ளை, துணிக் கடை வீதியில், கையால் நூற்ற துணியை உடுத்தியதற்காக அடிபட்டார். நெசவாளர் நிறைந்த சேலத்துக்காரர்களாகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வித்து விழுந்த இடங்கள்

ஆசிரமம் என்ற சொல்லே கிறிஸ்தவர்களுக்கு ஆகாது என்று நம் சபைகளில் சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் வித்து பரவியது. 1922-ல் ஜாக் வின்ஸ்லோ என்ற ஆங்கிலிக்கன் குரு கிறிஸ்த சேவா சங்கத்தைத் தொடங்கினார். அது பின்பு பூனாவில் வேரூன்றியது. 1930-ல் ஸ்டான்லி ஜோன்ஸ் இமயமலை அடிவாரத்துச் சாத் தால் என்ற இடத்தில் ஆசிரமம் அமைத்தார். 1940 முதல் அவர் வழியாய் அமெரிக்காவுக்கும் அந்த முறை சென்றது. கேரளத்தில் கோட்டயத்துக்கு அருகே மாங்கானத்தில் கிறிஸ்தவாசிரமம் எழும்பியது. கத்தோலிக்க சகோதரர்களில் மோன்ஷனின் அடிகளும் லெ சோ அடிகளும் 1950-ல் குளித்தலை தண்ணீர்ப்பள்ளியில், நாமக்கல் மாவட்டத்தைத் தொட்டு ஓடுகிற அதே காவேரியின் கரையில், சாந்திவனத்தை அமைத்தார்கள்.

டாக்டர் இயேசுதாசன் 1969-லும் டாக்டர் பேட்டன் 1970-லும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அண்ணனைத் தொடர்ந்து அடுத்த ஆண்டே தம்பியும் போய்ச்சேர்ந்தார். கலியாணம் இல்லாமல், சம்பளம் இல்லாமல், ஆயுள் முழுவதையும் கொடுக்கிறவர்கள் பின்பு நம் சபைகளிலிருந்து அதிகமாக எழும்பவில்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒரு ஊர் ஒரு இயக்கத்தின் பிறப்பிடம் என்பது அந்த ஊருக்குப் பெருமை. ஆனால் பிறந்தது வளருகிறதா என்பதுதான் பிற்காலத்தாருக்கு வருகிற கேள்வி.

நம் சமவெளியில் அதற்கு ஒரு பதில் கிடைத்ததை நாம் அறிவோம். 1913 முதல் ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லின் பிராண்டும் கொல்லிமலையில் மருந்தும் வேதமுமாக வாழ்ந்தார்கள். 1914-ல் அங்கே பிறந்த மகன் பால் பிராண்ட், பிற்காலத்தில் வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ்பெற்றார். 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் மரித்தார். மிஷன் ஓய்வு கொடுத்த வயதுக்குப் பின்பு எவ்லின் அம்மாள் திரும்பவும் மலையேறினார். குதிரைமேல் உட்கார்ந்து மலைமலையாகப் போய் ஊழியம் செய்து, 1974-ல், 95-ஆம் வயதில் மரித்து, கொல்லிமலையிலே கணவர் பக்கத்தில் அடக்கம்பண்ணப்பட்டார். அவர் ஆசிரமம் ஒன்றும் கட்டவில்லை. ஆனால் மலை ஜனங்களோடு மலை ஜனமாக இருந்தார். திருப்பத்தூரில் பிறந்ததும் இதே ஆவிதான்.

நம் மருத்துவமனைக்கு வருகிற கேள்வி

இனி நம் காரியத்துக்கு வருகிறோம். இந்தச் சரித்திரத்தை இன்று எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு.

உங்கள் காணிக்கைகளால் நடக்கிற ஏழை நோயாளிகள் நிதியிலிருந்து எங்கள் வார்டுகளில் பலர் உதவி பெறுகிறார்கள். விசைத்தறித் தொழிலாளர், கோழிப் பண்ணையில் வேலை செய்யும் ஒரிசா, பீகார் வாலிபர், லாரி கிளீனர்கள், கொல்லிமலையிலிருந்து இறங்கி வருகிற தாய்மார் ஆகியோர் அவர்களில் உண்டு. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எத்தனையோ பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் காப்பீட்டு அட்டையில் அடங்காத செலவுகள் இருக்கின்றன. மலையிலிருந்து வருகிற வண்டிச் சத்தம், துணைக்கு இருக்கிறவரின் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, வீட்டுக்குப் போனபின் மாதாமாதம் வாங்கவேண்டிய மாத்திரை ஆகியவை அதில் வருவதில்லை. அட்டையே இல்லாத வெளிமாநிலத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் காணிக்கை இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது.

இந்தக் காணிக்கையோடு சில வேண்டுகோள்களும் வருவதுண்டு. உதவி பெற்றவரின் புகைப்படம் வேண்டும். கட்டிலில் இருக்கும்போதே எடுத்ததானால் நல்லது. கைப்பட ஒரு நன்றிக் கடிதம் வேண்டும் என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்பதில்லை. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று அறிய விரும்புவது நியாயமே. சபையில் காட்டினால் மற்றவர்களும் கொடுப்பார்கள் என்ற நல்லெண்ணமும் அதில் இருக்கிறது.

ஆனால் கட்டிலில் படுத்திருக்கிறவரின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர், வயது ஐம்பது இருக்கும், குடல் அறுவைச் சிகிச்சைக்குப்பின் மூன்று வாரம் எங்களிடம் இருந்தார். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஏற்கெனவே கழுத்து வரைக்கும் இருந்தது. வீட்டுக்குப் போகிற நாளில், மீதித் தொகையை நிதியிலிருந்து கட்டியாயிற்று என்று சொன்னோம். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முகம் வாடி, "யாருங்க சாமி கட்டினது? அவங்களுக்கு நான் எத்தனை நாளைக்கு வேலை செய்யணும்?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் கடனில் கட்டுண்டவருக்கு, யாரோ பணம் கொடுத்தார்கள் என்றால் இன்னொரு முதலாளி வந்துவிட்டார் என்றுதான் அர்த்தமாகிறது.

உங்கள் அண்ணன் தம்பி கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். வேறு என்ன சொல்வது? அவர் ஒன்றும் பேசாமல் போனார். நாலு மாதம் கழித்து, மொபெட்டின் பின்னால் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு கட்டிக்கொண்டு வந்து சமையல்கூடத்தின் வாசலில் இறக்கினார். மச்சான் காட்டில் விளைந்ததாம். "அண்ணன் தம்பின்னு சொன்னீங்களே, அண்ணன் வீட்டுக்குச் சும்மா வர முடியுங்களா?" என்றார். அன்று இரவு வார்டில் எல்லாருக்கும் கிழங்கு. அந்த மூட்டையின் விலை அவருக்குச் செலவான தொகையில் எத்தனையில் ஒரு பங்கு என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் கூனிப்போய்ப் போனவர் நிமிர்ந்து வந்தார். அறுவைச் சிகிச்சையால் மாத்திரம் அந்த நிமிர்வு வந்திருக்காது.

அப்போஸ்தலருடைய நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். தேவாலயத்தின் அலங்கார வாசலில் சப்பாணி ஒருவன் தினமும் கொண்டுவந்து வைக்கப்பட்டான். அவன் தட்டில் காசு போட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பேதுருவும் யோவானும் அவனை உற்றுப் பார்த்தார்கள். தங்களையும் பார்க்கச் சொன்னார்கள். பொன்னும் வெள்ளியும் கையில் இல்லை. பேதுரு அவன் வலதுகையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழும்பித் துள்ளி அவர்களோடுகூட ஆலயத்துக்குள் போனான். அதுவரைக்கும் வாசலுக்கு வெளியே பெற்றுக்கொள்ளுகிறவனாக இருந்தவன், உள்ளே கூட நிற்கிறவனானான்.

ஆகவே நிர்வாகக் குழுவினர் ஜெபத்தோடு கலந்து பேசி ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறார்கள். அதை உங்களுக்கு நேரில் சொல்லும் பொறுப்பை எங்களிடம் விட்டார்கள். இனிமேல் நோயாளிகளின் புகைப்படத்தையும் அவர்கள் எழுதும் நன்றிக் கடிதத்தையும் காணிக்கைக்கு ஈடாக அனுப்புவதில்லை. கட்டில்களில் கொடுத்தவரின் பேரை எழுதுவதும் இல்லை. இதனால் சில காணிக்கைகள் குறையலாம் என்று பொருளாளர் எச்சரித்தார். அவர் சொல்வது உண்மையாகலாம். குறைந்தால் பாதிக்கப்படுவது அதே ஏழைகள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பாரத்தோடுதான் உங்கள் முன் நிற்கிறோம்.

அதற்குப் பதிலாக நாங்கள் கொடுப்பது இரண்டு. முதலாவது, கணக்கு. எத்தனை பேருக்கு, எந்தெந்தச் செலவுக்கு, எவ்வளவு என்று தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் இந்த மடலில் வெளியிடுவோம். கேட்கிற எவருக்கும் பேரேட்டைத் திறந்து காட்டுவோம். அது உங்கள் உரிமை. நோயாளியின் முகமோ அவருடைய உரிமை.

இரண்டாவது, ஒரு அழைப்பு. வாருங்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் பார்வையாளர் நேரம் இருக்கிறது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, துணைக்கு ஆள் இல்லாத ஒருவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். நான் இன்ன சபை, இவ்வளவு கொடுத்தேன் என்று சொல்லவேண்டாம். சாப்பிட்டீர்களா, எந்த ஊர், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஹிந்தி தெரிந்த வாலிபர் யாராவது இருந்தால் பீகார்ப் பையன்களிடம் போங்கள். அவர்களிடம் அவர்கள் பாஷையில் பேச வார்டில் ஆள் இல்லை. தாதிப் பிள்ளைகளைச் சிஸ்டர் என்று கூப்பிடுகிறோம் அல்லவா? நோயாளிகளையும் அந்த முறையோடு அண்ணே, அக்கா, தம்பி, அம்மா என்று கூப்பிடுங்கள். எங்கள் வார்டுகளில் நம்பர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது சட்டம்.

இது சின்னக் காரியமாய்த் தோன்றலாம். ஆனால் 1910-ல் அசரியா பிஷப் எடின்பரோவில் கேட்டது இதைத்தானே? அன்று அவர் கேட்டது மேல்நாட்டாரிடம். இன்று வெளிநாட்டுப் பணம் வெகுவாய்க் குறைந்து, கொடுக்கிற கை நம் கையாகிவிட்டது. அப்படியானால் அந்தக் கேள்வியும் நம்மிடம்தான் வந்து சேருகிறது. அன்று துரைமார் பங்களாவைப் பற்றி நாம் பேசினோம். இன்று கொல்லிமலைத் தாய்க்கும் கோழிப் பண்ணைப் பையனுக்கும் முன்பாக நாம் எங்கே உட்காருகிறோம்?

டாக்டர் பேட்டன் தம் நாட்டில் இருந்துகொண்டே பணம் அனுப்பியிருக்கலாம். நல்ல கொடையாளி என்று பேர் வாங்கியிருப்பார். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அவர் பேர் பொறித்த கல்லும் இருந்திருக்கும். அவரோ ஒரு ஊரார் வாயில் சின்னண்ணன் ஆனார். டாக்டர் இயேசுதாசனுக்கும் இது சுலபமல்ல என்பதை மறக்கவேண்டாம். அவமானத்தை அறிந்த ஒருவர், ஆளுகிற இனத்தானைத் தம்பி என்று மார்போடு சேர்த்துக்கொள்வதற்கும் கிருபை வேண்டும். பெற்றுக்கொள்ளுகிறவருக்கும் மன்னிக்கிற மனசு வேண்டியிருக்கிறது. எங்கள் நோயாளிகளில் அநேகரிடம் அந்தக் கிருபையைப் பார்க்கிறோம்.

நம் ஆண்டவர் தம் சீஷரிடம், உங்களுக்குள் ஒருவரும் போதகர் என்றும் குரு என்றும் உயர்த்திக்கொள்ளவேண்டாம், நீங்கள் எல்லாரும் சகோதரரே என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அவருடைய குலத்தில் கொடுக்கிற குலம், வாங்குகிற குலம் என்று இரண்டு இல்லை.

கூட்டம் முடிந்தபின் சமையல்கூடத்தில் சாப்பாடு ஏற்பாடாகியிருக்கிறது. எழுந்து நடக்க முடிகிற நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாக இருக்கிறவர்களும் அதே பந்தியில் உட்காருவார்கள். தனித்தனியாக உட்காராமல் கலந்து உட்காரும்படி கேட்டுக்கொள்கிறோம்.